மாரிக்குப்பம் ரயிலில் இங்கிலீஷ்

கோலார் தங்கவயலில் வயது வந்தவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது என் தொழில். என்னிடம் படிப்பவர்கள் பெங்களூருவில் செக்யூரிட்டி வேலை பார்க்கிற அண்ணன்கள், ஆஸ்பத்திரி வார்டில் நிற்கிற அக்காக்கள், மாலில் துணி மடிக்கிற பெண்கள், ஹவுஸ்கீப்பிங், கூரியர், பில்லிங் கவுன்டர் என்று விடியுமுன் ரயிலேறி இருட்டிய பிறகு வீடு சேருகிறவர்கள். இவர்களை வகுப்பில் உட்காரவைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மிச்சம். அன்றைக்குத் துணி துவைக்கணும், மாவு அரைக்கணும், கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய்த் தலைகாட்டணும். அதனால் வாரத்தில் ஆறு நாளும் பாடம் போனில்தான். ஞாயிற்றுக்கிழமை வர முடிந்தவர்கள் ஒரு மணி நேரம் வந்து போவார்கள்.

போனில், கம்ப்யூட்டரில் செய்கிற இங்கிலீஷ் பயிற்சிகளைப் பற்றி நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். எந்த ஆப் நல்லது, எது இலவசம், எத்தனை மாதத்தில் பேச வரும் என்று. ஆப் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவது சுலபம். ஆனால் ஆப்பைவிட, அதற்குள் இருக்கிற பயிற்சி எப்படிப்பட்டது என்பதுதான் முக்கியம் என்று இந்த ஊர் எனக்குக் கற்றுத்தந்திருக்கிறது.

ஊரைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்கத்தை ஏற்று நடத்த வந்ததிலிருந்து எங்கள் மேல் இங்கிலீஷ் விழுந்துகொண்டுதான் இருந்தது. வெள்ளைக்காரர் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம் எல்லாம் பார்த்து ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பங்களாக்களுக்குச் சற்றுத் தள்ளி, வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தர்மபுரி, சித்தூர் பக்கமிருந்தும் வந்த எங்கள் பாட்டன் பூட்டன்கள் ஒற்றை அறை லைன் வீடுகளில் குடியிருந்தார்கள். ஷாஃப்ட், கேஜ், லெவல், டிரில்லிங், பிளாஸ்டிங், ஷிஃப்ட் எல்லாம் அவர்கள் வாயில் தமிழாகவே புழங்கின. பள்ளிக்கூடம் போகாதவருக்கும் இங்கிலீஷ் பெயர்ச்சொற்கள் ஏராளமாகத் தெரியும். வாக்கியம் மட்டும் தெரியாது. தேவைப்படவும் இல்லை. மேஸ்திரி தமிழில் பேசினார், வேலை தமிழில் நடந்தது.

அந்தச் சுரங்கங்களைப் பின்னாளில் நடத்திவந்த பாரத் கோல்ட் மைன்ஸ் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. அதற்குப் பிறகு ஊருக்குச் சோறு போடுவது பெங்களூரு ரயில்தான். மாரிக்குப்பத்தில் புறப்பட்டு, ஊர்காம், கோரமண்டல் எல்லாம் ஏற்றிக்கொண்டு, பங்காரப்பேட்டை, மாலூர், ஒயிட்ஃபீல்டு, கிருஷ்ணராஜபுரம் என்று போகிற அந்த ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் உட்காரவோ நிற்கவோ வேண்டும். அங்கே போய் இறங்கினால் கேட்டில் வருகிறவர் இந்திக்காரராக இருக்கலாம், பெங்காலியாக இருக்கலாம், வெளிநாட்டுக்காரராகவும் இருக்கலாம். கன்னடம் எங்கள் ஆட்களுக்கு வரும், அவருக்கு வராது. இடையில் இருப்பது இங்கிலீஷ். பெயர்ச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே சமாளிக்க முடியாது.

சுரங்கம் மூடிய காலத்தில் எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டையில் பிரவுசிங் சென்டர்கள் நடந்துகொண்டிருந்தன. இணையத்தில் இங்கிலீஷ் பயிற்சி என்றால் அன்றைக்குக் கேள்வி-பதில்தான். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு, கோடிட்ட இடத்தை நிரப்பு, கலைந்த சொற்களை வரிசைப்படுத்து. அமெரிக்காவில் டேவ் ஸ்பெர்லிங் 1995-இல் தொடங்கிய ‘டேவ்ஸ் ஈஎஸ்எல் கஃபே’ போன்ற தளங்களில் உலகம் முழுக்க இருந்த ஆசிரியர்கள் கூடினார்கள். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஹாட் பொட்டேட்டோஸ்’ என்ற மென்பொருளை வைத்து, புரோகிராமிங் தெரியாத ஆசிரியரும் தன் பயிற்சியைத் தானே செய்துகொள்ள முடிந்தது. நானும் அதில்தான் கை பழகினேன். ஒரு கேள்வியை எழுதி, தவறான விடைக்கு ஏன் தவறு என்று ஒரு வரி சேர்த்து, பொத்தானை அழுத்தினால் பயிற்சி தயார். அந்த ஒரு வரிதான் அதில் உயிர் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ‘தவறு’ என்று சிவப்பில் காட்டிவிட்டு நிற்கிற பயிற்சி யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை.

இந்த வகைப் பயிற்சியில் ஒரு பெரிய நன்மை உண்டு. வெட்கம் இல்லை. நாற்பது வயதில், கல்யாணத்துக்கு மகள் நிற்கிற நேரத்தில், ‘ஹி கோ’வா ‘ஹி கோஸ்’ஸா என்று மற்றவர் முன்னால் தடுமாறுவது பெரிய அவமானம். பள்ளியில் இங்கிலீஷ் பீரியடில் பெஞ்சின்மேல் ஏற்றி நிற்கவைத்ததை மறக்காதவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். திரைக்கு முன்னால் தப்பு செய்தால் யாரும் சிரிப்பதில்லை. பத்துத் தடவை தப்பு செய்தாலும் அது பதினோராவது தடவை அதே முகத்தோடு கேட்கும். வயது வந்தவர்களுக்கு இது எத்தனை பெரிய விடுதலை என்பது அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் மதிப்பெண் ஏறியது, வாய் திறக்கவில்லை. ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கம்பெனி கேட்டில் நிற்கிற அண்ணன் ஒருவர் எல்லாப் பயிற்சியிலும் முழு மதிப்பெண் எடுப்பார். கேட்டில் ஆள் வந்து நின்றால் கையை நீட்டி ரிஜிஸ்டரைக் காட்டுவார், அவ்வளவுதான். “இன்னா மிஸ், எல்லாம் தெரியுது. வாய்க்குத்தான் வரல” என்றார். அவர் சொன்னது சரியான நோய்க்குறி. நான்கு விடையைக் கண்ணெதிரே வைத்தால் சரியானதை அடையாளம் காண்பது ஒரு திறமை. எதுவும் எதிரே இல்லாமல், ஆள் காத்துக்கொண்டிருக்க, மூன்று நொடிக்குள் தலைக்குள்ளிருந்து ஒரு வாக்கியத்தை இழுத்து வெளியே போடுவது வேறு திறமை. முதலாவதை ஆயிரம் முறை செய்தாலும் இரண்டாவது தானாக வந்துவிடாது. இணையத்தில் கிடைக்கிற பயிற்சிகளில் பெரும்பாலானவை முதலாவதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கின்றன. இயந்திரத்துக்குத் திருத்த அதுதான் சுலபம்.

இதற்கு வழி எனக்கு வெளிநாட்டுப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. ரயில் போய் நிற்கிற பெங்களூருவிலேயே இருந்தது. என். எஸ். பிரபு என்கிற ஆங்கிலக் கல்வி நிபுணர், 1979 முதல் 1984 வரை, பெங்களூரு, மெட்ராஸ் உள்ளிட்ட ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை செய்தார். உலகம் அதை ‘பெங்களூர் புராஜெக்ட்’ என்று அறியும். 1987-இல் அவர் எழுதிய ‘செகண்ட் லாங்குவேஜ் பெடகாஜி’ இன்றும் உலகெங்கும் ஆசிரியப் பயிற்சியில் பேசப்படுகிறது. இலக்கணத்தை வரிசையாக நடத்தாமல், ஒரு வேலையைக் கொடுத்து அதைச் செய்து முடிக்கச் சொன்னார். வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடி, ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று முடிவு செய். மனம் கணக்கில் இருக்கும்போது மொழி பின்னாலேயே வந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. ஒருவருக்குத் தெரிந்த செய்தி இன்னொருவருக்குத் தெரியாமல் இருப்பது ஒரு வகை இடைவெளி, தெரிந்ததிலிருந்து தெரியாததை யோசித்துக் கண்டுபிடிப்பது இன்னொரு வகை, அவரவர் கருத்தைச் சொல்வது மூன்றாவது வகை என்று பயிற்சிகளைப் பிரித்த அவர், யோசித்துக் கண்டுபிடிக்கிற இரண்டாம் வகைதான் வகுப்புக்கு மிகவும் பொருந்தும் என்றார்.

அவர் சோதனை செய்தது பள்ளிப் பிள்ளைகளிடம். ஆனால் ரயில் அட்டவணையில் வாழ்கிற என் மாணவர்களுக்குத்தான் அது அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. வாட்ஸ்அப்பில் ஒரு அட்டவணையைப் போட்டு, “உனக்கு ஒயிட்ஃபீல்டில் ஒன்பது மணிக்கு ட்யூட்டி, பங்காரப்பேட்டையில் வண்டி அரை மணி நின்றுவிட்டது. சூப்பர்வைசருக்கு இங்கிலீஷில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பு” என்பேன். இலக்கணம் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. வருகிற பதில்களில் ‘வில் பி லேட்’டும் ‘ட்ரெயின் ஈஸ் ஸ்டாண்டிங்’கும் தானாக வந்து நிற்கும். அடுத்த நாள் அதிலிருந்து எடுத்துத் திருத்துவேன்.

கேட் அண்ணனுக்குச் செய்த பயிற்சியைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். அவர் வேலையில் ஒரு நாளில் பேச வேண்டிய வாக்கியங்களை அவரையே தமிழில் சொல்லச் சொன்னேன். யாரைப் பார்க்கணும், அப்பாயின்ட்மென்ட் இருக்கா, ஐடி காட்டுங்க, இங்க கையெழுத்துப் போடுங்க, வண்டியை அந்தப் பக்கம் விடுங்க, கொஞ்சம் உட்காருங்க. ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. பிறகு நான் வருகிற ஆளாக நடித்து ஒலிப்பதிவு செய்தேன். “குட் மார்னிங், ஐ ஹேவ் எ மீட்டிங்” என்று சொல்லிவிட்டு ஐந்து நொடி சும்மா இருப்பேன். அந்த ஐந்து நொடியில் அவர் “வித் ஹூம், சார்?” என்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகு சரியான கேள்வி என் குரலிலேயே வரும், அவர் சொன்னதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். அடுத்து என் பதில், மறுபடி மௌனம். மொத்தம் மூன்று நிமிடத்துக்குள். அடுத்த வாரம் அதே பதிவில் மௌனத்தை மூன்று நொடியாகக் குறைத்தேன். அதற்கடுத்து, வருகிற ஆளைக் கோபக்காரராக்கினேன். “ஐ டோன்ட் ஹேவ் டைம்” என்று கத்துவார். கோபத்துக்கு நடுவிலும் “ஒன் மினிட், சார், ப்ளீஸ் சைன் ஹியர்” என்று நிதானமாகச் சொல்ல வந்துவிட்டால், நிஜ கேட்டில் பயம் பாதி போய்விடும்.

மௌனம் விட்டுப் பதிவு செய்கிற இந்த முறை என் கண்டுபிடிப்பு இல்லை. பால் பிம்ஸ்லர் என்ற அமெரிக்கர் தன் பாடங்களில் இதைத்தான் செய்தார். கற்றதை மறக்கப் போகிற தருணத்தில், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அதிக இடைவெளி விட்டு, மறுபடி கேட்க வேண்டும் என்று 1967-இல் ஒரு கட்டுரையில் எழுதியவரும் அவரே. நான் அதையும் பின்பற்றுகிறேன். இன்றைக்குப் பேசிய வாக்கியம் நாளைக்கு ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை, வேறு வாக்கியங்களுக்கு நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும்.

எங்கே இருந்து பேசுவது என்பது பெரிய சிக்கல். லைன் வீட்டில் ஒரே அறை. மாமியார் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். அங்கே உட்கார்ந்து போனில் இங்கிலீஷ் பேசினால் வீடே திரும்பிப் பார்க்கும். ஆச்சரியம் என்னவென்றால், கூட்ட ரயிலில் அந்தக் கூச்சம் இல்லை. அங்கே எல்லோரும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கிறார்கள். கூட்டத்தில் யாரும் யாரையும் கவனிப்பதில்லை. அதனால் என் பயிற்சிகளை ரயிலுக்கென்றே செய்கிறேன். வழியில் சிக்னல் விட்டுவிட்டு வரும், ஆகவே வீடியோ கிடையாது, திறந்திருக்கும்போதே நெட் கேட்கிற ஆப் கிடையாது. ராத்திரியே இறங்கிவிடுகிற சின்ன ஒலிக்கோப்பு, நின்றுகொண்டே ஒரு கையால் தொடக்கூடிய அளவில். பெண்கள் பலரிடம் சொந்தப் போன் இல்லை, மகன் போனையோ வீட்டுக்காரர் போனையோ வாங்கித்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம். இருபது நிமிடப் பாடம் போடுகிறவர்கள் அந்தப் பெண்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை என்று அர்த்தம்.

இந்த வகையில் ரேடியோக்காரர்கள் நமக்கு முன்னோடிகள். பிபிசி தன் ஆங்கிலப் பாடங்களை 1943-இல் தொடங்கியது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-இல் சுமார் 1,500 சொற்களுக்குள், மெதுவான வேகத்தில், செய்தி வாசிக்கத் தொடங்கியது. கேட்பவருக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்ற அக்கறை அதில் இருந்தது. அப்படிப்பட்ட பதிவுகளை இன்றும் இறக்கி வைத்துக்கொண்டு பயன்படுத்துகிறேன்.

கோடிட்ட இடம் நிரப்புவதை நான் முழுக்க விடவில்லை. எந்தச் சொல்லை எடுக்கிறோம் என்பதில்தான் விஷயம். வில்சன் டெய்லர் என்ற ஆய்வாளர் 1953-இல் இந்த முறையை அறிமுகப்படுத்தியபோது, குறிப்பிட்ட இடைவெளியில் சொற்களை எடுத்துவிடுவார். ஒரு பத்தி படிக்க எளிதா கடினமா என்று அளக்க அது போதும். தமிழருக்குப் பயிற்சியாக வேண்டுமானால் நம் ஆட்கள் எங்கே சறுக்குகிறார்களோ அங்கே எடுக்க வேண்டும். மேஜையில், பெங்களூரில், கேட்டில் என்று எல்லாவற்றுக்கும் நாம் ஒரே ‘இல்’ போடுகிறோம், இங்கிலீஷில் ஆன், இன், அட் என்று மூன்று வாசல். கேள்வி கேட்கும்போது “வென் யூ வில் கம்?” என்போம். “ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்” என்போம். வேறு தேசத்தாரின் சறுக்கலை மனதில் வைத்துச் செய்த பயிற்சிகள் இந்த இடங்களைத் தொடுவதே இல்லை. தமிழ் அறிந்த ஆசிரியர் ஒருவர் அரை மணி நேரம் செலவழித்துச் செய்கிற பத்து வரிப் பயிற்சிக்கு, பணம் கட்டி வாங்குகிற பெரிய பாடத்திட்டம் ஈடாகாது.

படிக்கிற பத்தியும் ஊரைப் பற்றியதாக இருக்க வேண்டும். லண்டன் சுரங்க ரயிலில் ஜான் குடையைத் தொலைத்த கதையில் எங்கள் ஆட்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்த கதை, 1965-இல் எங்கள் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் இயற்பியலாளர்கள் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டறிந்த கதை, இவற்றை எளிய இங்கிலீஷில் எழுதி அனுப்புவேன். ஒவ்வொரு பத்தியிலும் வேண்டுமென்றே ஒரு தகவலைத் தப்பாக வைப்பேன். அதைக் கண்டுபிடித்து இங்கிலீஷில் திருத்த வேண்டும்.

இப்படி ஒரு பத்தியில், கேஜில் ஏறினால் ஒரே இறக்கத்தில் அடிமட்டம் போய்விடலாம் என்று எழுதியிருந்தேன். மகள் படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவருக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கி எனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டார். “நோ, நோ. நாட் ஒன் கேஜ். ஃபர்ஸ்ட் கேஜ் கோ டவுன். தென் வாக். தென் அனதர் கேஜ். வெரி ஹாட். ராக் ஈஸ் ஹாட்.” மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது, கீழே பாறை கொதிக்கும். அவர் என் மாணவரே இல்லை. இங்கிலீஷில் வாக்கியம் பேசுவார் என்று வீட்டில் யாரும் நினைத்ததில்லை. மகளுக்கு அன்றைக்கு வந்த தைரியம் எந்தப் பாடத்தாலும் வந்திருக்காது. தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை இன்னொருவர் தப்பாகச் சொன்னால் மனிதர் இலக்கணத்துக்குக் காத்திருப்பதில்லை. வயது வந்தவர்களிடம் இருக்கிற பெரிய முதல் அதுதான்: அவர்களுக்கு வேலை தெரியும், உலகம் தெரியும். அவர்களைச் சிறுபிள்ளைகளாக்கி ஆப்பிள், பூனை என்று படம் காட்டுகிற பயிற்சிகளை நான் மனதார வெறுக்கிறேன்.

அதே காரணத்துக்காகத்தான், ஒருநாள் விட்டால் கணக்கு பூஜ்யமாகிவிடும் என்று மிரட்டுகிற ஆப்களும் எனக்கு உடன்பாடில்லை. நைட் ட்யூட்டி வாரத்தில் அக்கா ஒருத்தியால் மூன்று நாள் போனைத் தொட முடியாது. நான்காவது நாள் திறந்தால் சேர்த்ததெல்லாம் போயிருக்கும். பள்ளிக்கூடத்து பெஞ்ச் தண்டனையை மறுபடி கொண்டுவந்து கையில் கொடுப்பதற்குப் பெயர் ஊக்கம் இல்லை.

உச்சரிப்பைப் பற்றியும் கேட்பார்கள். ‘ஃபைல்’ என்பது ‘பைல்’ ஆகக் கூடாது, ‘ஸ்கூல்’ முன்னால் ‘இ’ ஏறக் கூடாது. கேட்பவருக்குப் பொருள் மாறுகிற, புரியாமல் போகிற இடங்களை மட்டும் திருத்துகிறேன். மற்றபடி எங்கள் ஊர் நாக்கில் பேசினால் குற்றமில்லை. இப்போது குரலிலேயே பேசுகிற செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. அவற்றிடம் “நீ கோபமான நோயாளியின் மகன், நான் வார்டு அட்டெண்டர்” என்று வேடம் கொடுத்துப் பேசிப் பழகச் சொல்கிறேன். நல்ல பயிற்சி, ராத்திரி எந்நேரமும் சலிக்காது. ஆனால் அது தவறாகக் கேட்டுக்கொள்கிற நேரங்கள் உண்டு. அப்போது மாணவர் தன் இங்கிலீஷே மோசம் என்று முடிவுகட்டிவிடுகிறார். வாரத்துக்கு ஒருமுறையாவது ஒரு மனிதர் கேட்டு, “புரிஞ்சுது, சரியா சொன்னீங்க” என்று சொல்ல வேண்டும். இதற்கு மாற்று எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

கேட் அண்ணன் இப்போது ரிசப்ஷன் மேஜையில் இருக்கிறார். வார்டு அக்காக்கள் இரண்டு பேர் டாக்டர் சொல்வதை நோயாளிக்கும், நோயாளி சொல்வதை டாக்டருக்கும் எடுத்துச் சொல்கிறார்கள். இன்னும் நிறையப் பேர் வரிசையில் இருக்கிறார்கள். எனக்குத் தட்டுப்பாடாக இருப்பது நிஜ வேலையிடத்து வாக்கியங்கள். பில்லிங் கவுன்டரில், கிடங்கில், லேபில், டெலிவரி மையத்தில் என்ன பேசுகிறார்கள் என்று வெளியே இருக்கிற எனக்கு முழுக்கத் தெரியாது.

தங்கவயலிலிருந்து போய் பெங்களூருவிலும் சென்னையிலும் துபாயிலும் வேலையில் இருக்கிற பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் இடத்தில் ஒரு நாளில் பேசுகிற இங்கிலீஷை, யார் என்ன கேட்பார்கள், நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று, இரண்டு நிமிடம் பதிவு செய்து ஊரில் பாடம் நடத்துகிற யாருக்காவது அனுப்புங்கள். அழகாக இருக்கத் தேவையில்லை, நிஜமாக இருந்தால் போதும். பயிற்சியாக்கி ரயிலில் ஏற்றுகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.